தவிலுக்கு வரவு இல்லை

பன்னீர்ச் செம்பை என் கையில் தந்துவிட்டு, "மிஸ், நீங்கள் வாசலிலை நிண்டால் காணும்" என்றார் எங்கள் கல்லூரிப் பணிப்பாளர்.

கணக்கியலில் பட்டம், வரியில் மேற்படிப்பு, இருபது வருடத்துக்கு மேல் கற்பித்த அனுபவம். எல்லாம் இருந்தும், விழா என்று வந்துவிட்டால் பெண்ணுக்குக் கிடைக்கிற பதவி செம்பு பிடிப்பதுதான். சேலையும் பட்டாக இருக்கவேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். வைகாசி வெயிலில் பட்டுடுத்து வெளிவாசலில் நிற்கிற சுகத்தை அவரும் ஒருநாள் அனுபவிக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

எங்கள் தொழினுட்பக் கல்லூரி சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட. காற்றுத் திரும்பினால் வெங்காய மணம் வகுப்புக்குள் வரும். அன்றைக்கும் வந்தது. பன்னீரும் வெங்காயமும் கலந்தால் என்ன மணம் வரும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். பிரதம விருந்தினரும் அறிந்திருப்பார்.

பிரதம விருந்தினராகக் கொழும்பிலிருந்து வந்த பெரியவரின் வாகனம் தெருமுனையில் திரும்பியதும் மேளம் தொடங்கியது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த குழுவை எங்கள் பக்கத்தில் மேளம் என்றுதான் சொல்வோம். அளவெட்டி மேளம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். சும்மாதான் திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கம் நின்ற தவில்காரனைக் கண்டதும் பன்னீர் என் சேலையிலேயே கொட்டிவிட்டது.

அவன் நிதர்சன். எங்கள் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறவன். வகுப்பு வரவு போதாது என்று அவனைப் பரீட்சைக்கு விடுவதில்லை எனப் போன கிழமைதான் தீர்மானித்திருந்தோம். அன்றைய விழாவோ, பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் எங்கள் புதிய திட்டத்தின் தொடக்கவிழா.

அவனும் என்னைக் கண்டான். தலையை ஒருக்கால் ஆட்டினான். வகுப்புக்குப் பிந்தி வருகிறபோது கதவடியில் நின்று ஆட்டுகிற அதே ஆட்டல். பிறகு தவிலிலேயே கவனமாகிவிட்டான்.

கண்ணீர் அஞ்சலிப் பதாகை

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு விளங்காது.

பணிப்பாளர் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். ஹோட்டலில் தங்கி, மூன்று நேரமும் விருந்து சாப்பிட்டு, தோளில் ஒரு புதுப் பையும் வாயில் ஒரு புதுச் சொல்லுமாகத் திரும்பி வந்தார். "மாணவர் தக்கவைப்பு." அதுவரை எங்கள் பிள்ளைகள் படிப்பை நிற்பாட்டினால் "நிண்டிட்டான்" என்போம். அதன் பிறகு அவர்கள் இடைவிலகத் தொடங்கினார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும். நாலரைக்கு மேல் அவர்களின் ஊருக்கு பஸ் இல்லை. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். சித்தப்பா கனடாவிலிருந்து கூப்பிடுகிறார். சுப்பர் மார்க்கெட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெட்டை பேசாமல் விட்டுவிட்டாள். ஆனால் இதையெல்லாம் சொன்னால் திட்டம் ஆகாது.

முதலில் வழிகாட்டி முறை வந்தது. ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் கொஞ்சப் பிள்ளைகள். நாங்கள் கூப்பிட்டு, "பிரச்சினை ஏதும் இருக்கோ?" என்று கேட்போம். "இல்லை மிஸ்" என்பார்கள். பிரச்சினை இருந்தால் அதை எங்களிடமா சொல்வார்கள்? பிறகு ஆலோசனைப் பெட்டி வைத்தோம். அதற்குள் யாரோ மாங்கொட்டை போட்டிருந்தார்கள். அதன் பிறகு மன அழுத்தத்துக்கு யோகாசனம். சவாசனத்தில் படுத்த பரீட்சைப் பொறுப்பாளர் குறட்டை விட்டதோடு அதுவும் நின்றது.

நான் படித்த காலத்தில் தக்கவைப்புக்கு யாரும் திட்டம் போடவில்லை. யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்தது. அவ்வளவுதான். வகுப்பில் எல்லாரும் இருந்தோம், ஏனென்றால் போக இடமில்லை. பாதை திறந்த மாதம் பாதி வகுப்பு கொழும்புக்குப் போய், அங்கிருந்து உலகத்தின் எல்லாக் குளிர் நாடுகளுக்கும் பரவிவிட்டது. பாடக்குறிப்பு இரவல் வாங்கியவள் ஒருத்தி இன்றைக்கு நோர்வேயில் பேரப்பிள்ளை பார்க்கிறாள். குறிப்பு இன்னும் வரவில்லை.

சரி, விழாவுக்கு வருகிறேன். திட்டத்துக்குப் பணிப்பாளர் வைத்த பெயர் "இறுதிவரை உங்களுடன்". அதைப் பதாகையாக அடிக்கக் கொடுத்த கடை, எங்கள் பகுதியில் செத்தவீட்டுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிக்கிற கடை. அவர்களிடம் ஊதா நிறத் தாமரையும் ஒரு குத்துவிளக்கும் எப்போதும் தயாராக இருக்கும். இதிலும் போட்டுவிட்டார்கள். நடுவில் பணிப்பாளரின் சிரித்த முகம். அன்று காலை தெருவால் போன இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி, "எப்ப நடந்தது?" என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார்கள்.

மெடிக்கல்

விழாவுக்கு ஒரு கிழமை முன்பு நிதர்சன் என் அறைக்கு வந்திருந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தான்.

எங்கள் கல்லூரியில் எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. போன வருடமும் அவனுக்கு இதே கதைதான். அதனால்தான் இரண்டாம் வருடத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறையும் பரீட்சை எழுதாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு எந்தக் கோயிலில் நேர்த்தி வைத்தாலும் உள்ளே வரமுடியாது.

"மற்றப் பெடியளும் வகுப்புக்கு வராமல் நிக்கிறாங்கள்தானே. அவங்களுக்கு எல்லாம் எப்பிடி வரவு வந்தது?" என்று கேட்டேன். கேட்டது சும்மா. எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். கூட்டாளிகள் கையெழுத்து வைத்துவிடுவார்கள்.

அவன் சிரித்தான். "எனக்கு வைக்க ஏலாது மிஸ். நான் எங்கை நிக்கிறனெண்டு எல்லாருக்கும் தெரியும். கோயில்காரர் நேரலையிலை போடுவினம். போன முறை ஒருத்தன் எனக்கு வைச்சவன். வைச்ச நேரம் பக்கத்திலை இருந்தவளின்ரை போனிலை நான் தவில் அடிச்சுக்கொண்டிருக்கிறன். சேர் கண்டிட்டார்."

"அப்ப ஒரு மெடிக்கல் கொண்டு வாவன்."

வைத்தியச் சான்றிதழைத்தான் நாங்கள் மெடிக்கல் என்போம். எங்கள் மாணவர்களின் காய்ச்சல்கள் எல்லாம் பரீட்சைக்கு முந்திய கிழமையில் பின்திகதியிட்டு வருகிறவை. இதை ஒரு விரிவுரையாளர் சொல்லிக்கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிக்கொடுத்தேன். கேளுங்கள்.

"எந்த டொக்டரிட்டைப் போறது மிஸ்? தை மாசம் நான் வராமல் நிண்டது எங்கடை டொக்டரின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு வாசிக்கத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

அப்போது ஒரு கேள்வி கேட்டேன். கல்லூரியில் எல்லாரும் அவனைப்பற்றிக் கேட்கிற கேள்விதான். "உனக்குக் கையிலை தொழில் இருக்கு. ஊரெல்லாம் தேடி வருது. உந்த டிப்ளோமா என்னத்துக்கு?"

ஏதாவது பெரிய காரணம் வைத்திருப்பான் என்று எதிர்பார்த்தேன். குடும்பக் கஷ்டம், பெண் வீட்டார், வெளிநாடு, அப்படி எதுவும்.

"எனக்குக் கணக்கு பிடிக்கும் மிஸ்" என்றான்.

இத்தனை வருடத்தில் இந்த வார்த்தையை எனக்கு எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. எனக்கே கணக்கு அவ்வளவு பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவள் நான். அவன் சொன்னதை நம்பலாமா என்று முகத்தைப் பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தான்.

"அப்ப தவிலைக் கொஞ்சம் குறைக்கலாம்தானே?"

"அது வீட்டுக்கு மிஸ். மாமாவின்ரை மேளம். நான் நிண்டா அவருக்கு ஆள் இல்லை. தவிலை விட்டா வீடு நடக்காது. படிப்பை விட்டா..." சொல்லி முடிக்காமல் எழும்பினான். "பெயரை வெட்டப் போயினமோ மிஸ்?"

"ஓம்" என்று சொல்ல மனம் வரவில்லை. "பாப்பம்" என்றேன். எங்கள் நாட்டில் "பாப்பம்" என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும்.

பொன்னாடை

விருந்தினரை மண்டபத்துக்குள் கொண்டுபோய் இருத்தினோம். மேளகாரரும் உள்ளே வந்து மேடையின் ஓரத்தில் சபைக்காக ஒரு உருப்படி வாசித்தார்கள். நிதர்சன் கொஞ்ச நேரம் தனியாக வாசித்தான். எனக்குத் தாளம் கீளம் ஒன்றும் பிடிபடாது. ஆனால் கொழும்புப் பெரியவர் கதிரையின் கைப்பிடியில் தட்டத் தொடங்கி, பிறகு தன் தொடையில் தட்டி, கடைசியில் பக்கத்தில் இருந்த பணிப்பாளரின் தொடையிலும் தட்டினார். பணிப்பாளர் பெருமையோடு தாங்கிக்கொண்டார்.

பிரச்சினை அதன் பிறகுதான். பெரியவருக்கென்று வாங்கி வைத்த பொன்னாடையை அவர் தோளில் போட்டோம். அவர் அதைக் கழற்றி, "இது இந்தத் தம்பிக்கு உரியது" என்று சொல்லி நிதர்சனைக் கூப்பிட்டுப் போர்த்தினார். ஒலிவாங்கி கையில். சும்மா இருக்கலாம்தானே. இருக்கவில்லை.

"தம்பி என்ன படித்தவர்?"

நிதர்சன் ஒருக்கால் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இஞ்சைதான் படிக்கிறன் சேர். இரண்டாம் வருசம்."

சபை கைதட்டியது. பெரியவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அப்படியா, அப்ப இந்த முறை சோதினையோ?"

"இல்லை சேர். என்னை எழுத விடேல்லை. வரவு காணாது."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னான். அவ்வளவுதான். பின்னால் பதாகையில் ஊதாத் தாமரைக்கு நடுவே பணிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த பணிப்பாளர் சிரிக்கவில்லை.

அவர் எழும்பி ஒலிவாங்கியை வாங்கினார். "சேர், உவர் கெட்டிக்காரன். ஆனால் வகுப்புக்கு ஒழுங்கா வாறேல்லை."

"இண்டைக்கு வந்திருக்கிறார்தானே" என்றார் பெரியவர்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். பெரியவர் சொன்னதுக்கு ஓம் என்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு விடியற்காலையிலிருந்து கால் நொந்தது, சேலையெல்லாம் பன்னீர்.

"இல்லை சேர்" என்றேன். "இண்டைக்கும் அவனுக்கு வரவு இல்லை. விழா எண்டு சொல்லி வகுப்பை நிப்பாட்டக் கூடாதெண்டு பணிப்பாளர் சொன்னவர். ஒன்பது மணிக்கு வகுப்பு நடந்தது, வரவும் எடுத்தாச்சு. அந்த நேரம் இவன் வாசலிலை நிண்டு எங்களுக்கு வாசிச்சவன்."

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமாவும் வாயைப் பொத்தினார். நிதர்சன் மட்டும் பொன்னாடையோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும், பகிடிக்குச் சொல்லிவிட்டேனே, பெடியனை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டேனோ என்று எனக்குப் பட்டது.

எல்லாரும் போன கலியாணம்

பெரியவர் போகும்போது, "இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அடுத்த கிழமை கல்விச் சபை கூடியது. றோல்சும் தேநீரும் வந்தன.

பரீட்சைப் பொறுப்பாளர் சட்டத்தை விட்டு அசையாத மனுஷன். "ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் தவிலைத் தூக்கிக்கொண்டு வருவாங்கள்" என்றார்.

"சேர், போன ஆவணியிலை ஒரு புதன்கிழமை நீங்கள் லீவு. எங்கை போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"மச்சாளின்ரை மகளின்ரை கலியாணம். ஏன்?"

"மேளம் எப்பிடி?"

"திறம்" என்றார். சொல்லிவிட்டு றோல்சைக் கடித்த வாயோடு நின்றுவிட்டார். ஆளுக்கு விளங்கிவிட்டது.

நான் விடவில்லை. "நீங்கள் லீவு போட்டுச் சாப்பிட்டிட்டு வந்தனீங்கள். உங்களுக்குச் சம்பளம் வெட்டேல்லை. அங்கை உங்களுக்காக விடியத் தொடக்கம் நிண்டு வேலை செய்தவனுக்கு வரவை வெட்டினது நாங்கள். பங்குனியிலை உங்கடை ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, பணிப்பாளர் சேர், நீங்கள்தானே ஒரு நாள் உபயம்? மேளத்துக்கு ஆரைச் சொன்னனீங்கள்?"

பணிப்பாளர் தேநீரைப் பார்த்துக்கொண்டு, "அளவெட்டி" என்றார்.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில், அவன் வராத ஒரு நாளிலாவது அவனுக்கு முன்னால் இருந்து பலகாரம் சாப்பிடாதவர் ஒருவருமில்லை, நான் உட்பட. தாலிகட்டுக்கு மேளம் வேண்டும், தேருக்கு மேளம் வேண்டும், தொடக்கவிழாவுக்கும் வேண்டும். அடிக்கிறவன் மட்டும் அந்த நேரம் வகுப்பில் இருக்கவேண்டும். இப்படி ஒரு கணக்கை எந்தப் பாடத்தில் படிப்பித்தோம் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. விடுபட்ட பாடங்களை எல்லாம் யாராவது ஒருவர் பரீட்சைக்கு முன் அவனுக்கு நடத்தி முடித்தால் எழுத விடலாம். யார் அந்த ஒருவர் என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். வாய் இருக்கிறவளுக்கு வேலையும் இருக்கும்.

மடைப்பள்ளிக்குப் பக்கத்தில்

திருவிழாக் காலம். அவன் கல்லூரிக்கு வரும் நாள்வரை காத்திருந்தால் பரீட்சையும் முடிந்துவிடும். அதனால் நான் அவன் இருக்கிற இடத்துக்குப் போனேன். ஸ்கூட்டியில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு, ஒரு நாள் தெல்லிப்பளைப் பக்கம், ஒரு நாள் சாவகச்சேரிப் பக்கம். காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் இடையில் மேளகாரர் சாப்பிட்டுவிட்டு மடத்தில் நித்திரை கொள்வார்கள். இவன் மட்டும் மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து எனக்காக இருப்பான். தவில் அடிக்க விரலில் மாட்டும் கூடுகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேனையைப் பிடிப்பான். முதல் ஐந்து நிமிடம் எழுத்து நடுங்கும்.

அன்னதானச் செலவை உதாரணமாக வைத்துக் கிரயக் கணக்கியல் சொல்லிக்கொடுத்தபோது, அங்கே அரிசி அளந்துகொண்டிருந்த ஐயா ஒருவர், "உது பிழை பிள்ளை, விறகைக் கணக்கிலை சேர்க்கேல்லை" என்றார். இவன் அவரோடு வாதாடத் தொடங்கிவிட்டான். நான் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மையாகவே அவனுக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

யாரோ எடுத்த ஒரு படம் பணிப்பாளருக்குக் கிடைத்தது. அதை அவர் "சமூகம்சார் கற்றல்" என்ற தலைப்பில் கொழும்புக்கு அனுப்பிப் பாராட்டும் வாங்கினார். படத்தில் என் வாய் நிறையச் சோறு.

நிதர்சன் பரீட்சை எழுதினான். ஒரு பாடத்தைத் தவிர எல்லாம் சித்தி. விழுந்த பாடம் வரி. என் பாடம்.

மற்றவர்களின் பாடமெல்லாம் ஓடி ஓடிப் படிப்பித்தவள், என்னுடையதை அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். விடைத்தாளை மூன்று தரம் திருத்திப் பார்த்தேன். எங்கேயும் புள்ளி கிடைக்கவில்லை. போட மனமும் வரவில்லை. கணக்குப் பிடிக்கும் என்று சொன்ன ஒரே பிள்ளைக்குப் பொய்ப் புள்ளி போட்டால் பிறகு நான் எதற்கு? அவனும் வந்து கேட்கவில்லை. "அடுத்த முறை எழுதிறன் மிஸ்" என்றான். அதற்கும் வகுப்பு இருந்தது. அதற்கும் எண்பது வீதம் இருந்தது.

ஓராண்டு நிறைவு

அடுத்த வைகாசியில் திட்டத்தின் ஓராண்டு நிறைவுவிழா. புதுப் பதாகை, வேறு கடை. மண்டபம் நிரம்பவேண்டும் என்பதற்காக எல்லா வகுப்பையும் நிற்பாட்டச் சொல்லிப் பணிப்பாளர் அறிவித்தார். எனக்குக் காலையில் வரி வகுப்பு. அறிவித்தலைப் பார்க்காதவள் மாதிரி வகுப்பறையில் போய் இருந்தேன். இந்த முறை செம்புக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு ஆள் வந்தான். பையை மேசையில் வைத்துவிட்டு இருந்தான்.

"இண்டைக்கும் உங்கடை மேளம்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். மாமா வந்திருக்கிறார்."

"அப்ப தவிலுக்கு?"

"வேறை ஆளைப் பிடிச்சிருக்கினம். நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டன். எனக்கு வகுப்பெல்லே."

"மாமா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்னோடை கதைக்கிறேல்லை இப்ப."

அதற்குள் பணிப்பாளர் கதவடிக்கு வந்துவிட்டார். "நிதர்சன், நீர் இஞ்சை என்ன செய்யிறீர்? உம்மைக் காட்டத்தானே இந்த விழா. வந்து முன்னுக்கு இரும்."

"வகுப்பு நடக்குது சேர்" என்றேன்.

அவர் காலியாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி நடந்தார்.

பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். அவன் தலையைக் குனிந்து செய்யத் தொடங்கினான். வாசலில் மேளம் எழும்பியது. நாதஸ்வரம் நன்றாகத்தான் போனது. தவில்தான். புதிதாய் வந்தவன் தாளத்தை விட்டு ஓடிப் போவதும், தடக்குப்பட்டு நிற்பதும், மாமா வாசிப்பை இழுத்து அவனுக்காகக் காத்திருப்பதும் ஒன்றும் தெரியாத என் காதுக்கே கேட்டது.

நிதர்சன் ஒரு வரி எழுதினான். வெட்டினான். மறுபடி எழுதினான். பேனை தாளில் கிழித்துக்கொண்டு போனது. மாமா மறுபடியும் இழுத்து நின்றபோது அவன் பேனையை வைத்துவிட்டான்.

"மிஸ், அந்த யன்னலைச் சாத்தட்டோ?"

கரண்ட் இல்லை, மின்விசிறி இல்லை, அறை வெந்துகொண்டிருந்தது. நானே எழும்பிப் போய் யன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

"நீ கணக்கைச் செய்" என்றேன்.

அவன் செய்தான்.